ஆரணியை அழைத்த இரும்பு

பலெர்மோவில் நான் முதலில் கற்றுக்கொண்ட இத்தாலியச் சொல் ‘ஷோப்பெரோ’. வேலைநிறுத்தம் என்று அர்த்தம். நாங்கள் வந்திறங்கிய அன்று விமான நிலையத்திலிருந்து நகருக்குப் போகும் பஸ்கள் ஓடவில்லை. அக்காவின் கணவரான அத்தான், தான் வேலை செய்யும் சாப்பாட்டுக் கடையின் மீன் ஏற்றும் வானைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். முன் ஆசனத்தில் அக்காவும் நானும், என் மடியில் இரண்டரை வயது ஆரணி. பின்னால் வெற்று மீன் பெட்டிகளுக்கு நடுவே எங்கள் பயணப் பெட்டிகள். ஒரு பக்கம் மொட்டை மலை, மறுபக்கம் கடல். நான் இரண்டையும் பார்க்கவில்லை. அத்தானின் கையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் ஒரு கையால் வானை ஓட்டினார், மற்றக் கையால் கதைத்தார்.

“பயப்பிடாதையும் வதனி. இஞ்சை எல்லாரும் இப்பிடித்தான் ஓடுறவை,” என்றார்.

என் பயமே அதுதான் என்று நான் சொல்லவில்லை.

நான் கொழும்பில் தமிழ் படிப்பிக்கும் ஆசிரியை. இடைக்கிடை கவிதை எழுதுவேன். முந்திய வருடம் எனக்குப் பரீட்சை விடைத்தாள் திருத்தும் வேலை வந்ததால், என் கணவர் ஆரணியைக் கண்டியிலிருக்கும் தன் தங்கை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பிள்ளை இல்லாத வீட்டில், பழக்கத்தில், அவளுடைய கிண்ணத்தில் பாலை ஊற்றி வைத்துவிட்டேன். பிறகு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அன்று எழுதியது இது. ஒரு பத்திரிகையின் ஞாயிறு இதழில் வந்தது.

ஆரணி,
உன் சட்டையை மடித்து வைத்திருக்கிறேன்.
உன் கிண்ணத்தில் பால் ஊற்றியிருக்கிறேன்.
கதவைச் சாத்தவில்லை.
எந்தப் பக்கத்தால் வந்தாலும்
வா.

நான் அனுப்பிய பத்திரிகைத் துண்டை அக்கா பத்திரமாக வைத்திருந்தாள். நாங்கள் சைவக்காரர் என்றாலும், வீட்டு வேலைக்குப் போகும் மன்னார்க் கத்தோலிக்கப் பெண்களோடு சேர்ந்து அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலுக்கும் போவாள். அங்கே ஒரு கண்காட்சிக்கு ஏற்பாடு நடந்தது. அந்த நகரத்தில் வாழும் ஒவ்வொரு நாட்டவரின் கவிதையையும், ஆபிரிக்காவிலிருந்து வந்த ஒரு சிற்பி இரும்பில் செய்வதாகத் திட்டம்.

“உங்கடை ஆக்களிலை ஆர் கவிதை எழுதிறதெண்டு பாதர் கேட்டார். நான் கையைத் தூக்கிப்போட்டன். எழுதிறது தங்கச்சி, அவள் கொழும்பிலை எண்டு பிறகுதான் சொன்னனான்,” என்று அக்கா தொலைபேசியில் சொல்லிச் சிரித்தாள். திறப்பு நாளுக்கு என்னையும் வரச் சொன்னாள்.

ஆறு வரிக் கவிதைக்காக ஒரு சின்னப் பிள்ளையை இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வருவது சரியா என்று கடைசி நாள் வரை யோசித்தேன். வந்த பிறகும் யோசித்தேன்.

அக்காவின் வீடு அல்பெர்கேரியா என்ற பழைய பகுதியில், மூன்றாவது மாடியில் இருந்தது. எதிர்வீட்டுப் பெண் உடுப்புக் காயப்போட்டபடியே, குரலை உயர்த்தாமல் அக்காவோடு கதைக்கலாம். ஒழுங்கை அவ்வளவு ஒடுக்கம். முதல் நாள் காலையில் கீழே பெரிய சண்டை நடக்கிறது என்று நினைத்து யன்னலைச் சாத்தினேன். அக்கா வந்து திறந்துவிட்டாள்.

“அது சண்டையில்லை. மீன்காரன் தன்ரை மீனுக்குத் தேவாரம் பாடுறான்.”

கீழே பல்லாரோ சந்தை. கொழும்பில் வெள்ளவத்தைச் சந்தையிலும் கூவுவார்கள், ஆனால் அங்கே விலையைக் கூவுவார்கள். இங்கே ஒவ்வொருவனும் ஒரு ராகம் எடுக்கிறான். ஊதா நிறக் கத்தரிக்காய்கள் குழந்தையின் தலை அளவுக்கு இருந்தன. வாள்மீன் ஒன்றின் தலையை, வாள் மேலே நோக்கியிருக்க, ஐஸ் மேல் நட்டு வைத்திருந்தார்கள். நான் தள்ளிக்கொண்டு போன பிள்ளை வண்டியின் சில்லு பாவுகற்களுக்கிடையில் இறுகிக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும், யாராவது வந்து வண்டியைத் தூக்கிவிட்டு, ஆரணியின் கன்னத்தைக் கிள்ளி, ‘பெல்லா, பெல்லா’ என்றார்கள். அழகி, அழகி. ஐந்தாறு பேர் சொன்ன பிறகு நான் ஓரமாக நின்று, கண்மையை எடுத்து அவள் கன்னத்துப் பொட்டைப் பெரிதாக்கினேன். அதைக் கண்ட ஒரு கிழவி தன் கைக்குட்டையை எச்சிலில் நனைத்து, அழுக்கு என்று நினைத்து, துடைத்தே விட்டாள். நன்றி சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் நன்றி சொன்னேன்.

கடலைமாவைக் கூழாகக் கிண்டி, ஆறவைத்து, மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பொரித்து, பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். பனெல்லே என்று பெயர். எங்கள் கடலை வடையின் தூரத்து உறவு. உறைப்புத்தான் இல்லை. ஆரணி எண்ணெய் வழிய வழியச் சாப்பிட்டாள். அத்தானுக்குப் பிடித்தது மண்ணீரல் பாண். “ஒரு கடி கடிச்சுப் பாரும்,” என்றார். நான் எலுமிச்சந் துண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அடுத்த நாள் அத்தானுக்கு ஓய்வு. ஆரணியை அவரிடம் விட்டுவிட்டு, அக்காவும் நானும் சிற்பியைப் பார்க்கப் போனோம். அவர் பெயர் கோஜோ. பெனின் நாட்டில் அபோமே என்ற ஊர்ப்பக்கம். இரவில் துறைமுகத்தில் கப்பல் தகடுகளைப் பற்றவைத்து ஒட்டும் வேலை. மற்ற நேரத்தில், முன்பு குதிரை கட்டியிருந்த ஒரு கீழ்த்தளத்தில் சிற்பம். அவரே பிரெஞ்சில் கவிதை எழுதுவாராம். கடதாசியில் எழுதுவதில்லையாம். இரும்புக் கம்பியை வளைத்து வளைத்தே எழுதுவாராம்.

“கடதாசியிலை எழுதினா ஆரும் திருத்த வந்திடுவினமாம். இரும்பிலை எழுதினா ஒருத்தரும் கிட்ட வரமாட்டினமாம்,” என்று அக்கா மொழிபெயர்த்தாள்.

வாசலில் நின்று அவர் தன்னைப் பற்றி நிறையச் சொன்னார். ஒரு மொரோக்கோக்காரரின் கவிதையை மோட்டார் சைக்கிளின் பெற்றோல் தாங்கியில் வெட்டியிருந்தார். கானாப் பெண்ணொருத்தியின் கவிதை எண்ணெய் பீப்பாயில் இருந்தது. அதைத் தட்டினால் ஊமையாக முனகியது. எங்கள் எழுத்துகளைப் பற்றி அவருக்கு ஒரு முறைப்பாடு இருந்தது. தகட்டைத் துளைத்து எழுதப் பார்த்தபோது சுழிகளுக்குள் இருக்கும் வட்டத் துண்டுகள் எல்லாம் கழன்று விழுந்துவிட்டனவாம். கடைசியில் எழுத்துகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து ஒட்ட வேண்டியதாகிவிட்டதாம்.

ஆனால் நான்தான் அந்தக் கவிதையை எழுதியவள் என்று அக்கா சொன்னதும், அவர் குரல் தாழ்ந்துவிட்டது. என் வலது கையைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துத் தலை குனிந்தார். அங்கிருந்த ஒரே கதிரையைத் தன் சட்டைக் கையால் துடைத்து, இருக்கச் சொன்னார். கொழும்பில் கவிதை எழுதுகிறவர்களுக்கு யாரும் கதிரை துடைத்துக் கொடுத்து நான் கண்டதில்லை. எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

என் கவிதை ஒரு மூலையில் தனியாக நின்றது. மண் நிரப்பிய வாளியில் ஓர் இரும்புக் கம்பி நட்டிருந்தது. என் நெஞ்சளவு உயரம். கம்பியின் மேற்பகுதி, கவிழ்த்த குடையின் கம்பிகளைப் போல விரிந்து, ஒரு வட்டத் தட்டைத் தாங்கியது. தட்டின்மேல் கைக்குள் அடங்கும் அளவில் மூன்று பொருட்கள்: தகரத்தில் மடித்த ஒரு சட்டை, ஒரு கிண்ணம், பாதி திறந்த ஒரு கதவு. தட்டின் விளிம்பைச் சுற்றி என் வரிகள் ஓடின. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் ‘ஆரணி’. அந்தச் சட்டையில் பொத்தான்கூட இருந்தது. நான் எழுதும்போது கண்ணில் தெரிந்தது இவ்வளவுதான் என்று தோன்றியது. அழுதுவிட்டேன். அவர் அதை எதிர்பார்த்தவர் போலத் தலையசைத்தார்.

வாளியின் மண் ஈரமாக இருந்தது. புளித்த பால் மணம்.

“காலமை காலமை கொஞ்சம் பால் வாக்கிறவராம்,” என்றாள் அக்கா.

“ஏனாம்?”

“கவிதையிலை பால் வருகுதெல்லே. அதுக்காக்கும்.”

கலைஞர்களுக்கு இப்படி ஏதாவது இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும் வழியெல்லாம், பிள்ளை அழுதிருப்பாளோ என்ற யோசனைதான். அவள் அத்தானின் வயிற்றின்மேல் ஏறி இருந்து பேரிக்காய் தின்றுகொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போனோம். நகரத்தில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். கடல் பச்சைக் கண்ணாடி போல அசையாமல் கிடந்தது. ஆரணியின் தலையில் தொப்பி, தொப்பிக்கு மேல் என் சால்வை, அதற்கு மேல் குடை. பக்கத்தில் இருந்த ஓர் அம்மா, தன் பிள்ளையை நிர்வாணமாகத் தண்ணீரில் விட்டுவிட்டு, சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். “பிள்ளையையும் கொஞ்சம் மூச்சு விட விடட்டாம்,” என்றாள் அக்கா. நான் குடையை மட்டும் எடுத்தேன். கொஞ்ச நேரத்துக்குப் பின் சால்வையையும் எடுத்தேன். அன்று பிள்ளை முழங்காலளவு தண்ணீரில் இருந்து எழும்ப மறுத்தாள். வந்தது நல்லதுதான் என்று முதல் தடவையாக நினைத்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் மறுநாள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கோஜோவின் இடத்துக்குப் போனோம். அவள் பெயரை இரும்பில் காட்ட வேண்டும் என்பது என் ஆசை.

கோஜோ சுத்தியலோடு எழும்பி வந்து, வண்டியில் இருந்தவளைப் பார்த்துச் சிரித்தார். இது யாருடைய பிள்ளை என்று கேட்டார்.

“இவளின்ரை பிள்ளைதான். உவள்தான் ஆரணி,” என்று அக்கா இத்தாலியத்தில் சொல்லிவிட்டு எனக்கும் சொன்னாள்.

“ஆரணி?” என்றார் அவர். பிள்ளையைப் பார்த்தார், மூலையில் நின்ற இரும்பைப் பார்த்தார், மறுபடி பிள்ளையைப் பார்த்தார். சுத்தியலைச் சத்தமில்லாமல் நிலத்தில் வைத்தார். பிறகு ஒரு சொல் கேட்டார். “விவா?”

“உயிரோடை இருக்கிறாளோ எண்டு கேக்கிறார்,” என்றாள் அக்கா. சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. “ஓம், வடிவாய் இருக்கிறாள், கேட்டுப் பாருங்கோ, மூண்டாம் மாடியிலை இருந்து கத்தினா சந்தைக்குக் கேக்கும்.”

அவர் சிரிக்கவில்லை. ஒரு தகர டின்னின் மேல் இருந்து, முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொல்லத் தொடங்கினார். அக்கா மொழிபெயர்க்க மொழிபெயர்க்க அவளுடைய குரலும் இறங்கிக்கொண்டே போனது.

அவருடைய ஊரில், இறந்துபோனவர்களுக்கு இப்படித்தான் இரும்புத் தண்டு செய்து வீட்டில் நடுவார்களாம். மேல்தட்டில் அவர்களுக்குரிய பொருட்களைச் செய்து வைப்பார்களாம். பிறகு பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குடிக்க ஊற்றி, ‘வா’ என்பார்களாம். வீட்டில் உயிரோடு இருக்கிறவளுக்கு யாராவது எழுதுவார்களா, எழும்பிப் போய்க் கூப்பிட்டால் போதாதா என்று கேட்டார். தாய் பிள்ளையின் பெயரைச் சொல்கிறாள், பால் ஊற்றி வைக்கிறாள், கதவைச் சாத்தாமல் விடுகிறாள், வா என்கிறாள். அக்கா இத்தாலியத்தில் எழுதிக் கொடுத்ததை வாசித்த அன்றே தனக்கு விளங்கிவிட்டது என்று நினைத்தாராம். தமிழருக்கும் தங்களைப் போலவே ஒரு வழக்கம் இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டாராம். செய்து முடித்த நாளிலிருந்து, தாய் தூரத்தில் இருக்கிறாளே என்று, தாய்க்குப் பதிலாகத் தானே காலையில் பால் ஊற்றிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வந்தாராம்.

எங்கள் பக்கத்தில் பிணம் எரித்த மறுநாள் சாம்பலுக்குப் பால் தெளிப்பார்கள். அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. நான் ஆரணியை வண்டியிலிருந்து இழுத்து எடுத்து, போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல், வெளியே வந்துவிட்டேன். பாதி வழியில்தான் வண்டியை அங்கேயே விட்டது தெரிந்தது.

அன்று பின்னேரம் அக்கா வீட்டில் ஒரே விவாதம்.

“இரும்புதானேயடி. அந்த மனுசன் நல்ல மனதோடைதானே செய்தது,” என்றாள் அக்கா.

“நல்ல மனதோடை என்ரை பிள்ளைக்குப் பால் தெளிச்சிருக்கிறார், அக்கா.”

“அப்ப நான் பாதரிட்டைச் சொல்லி நிப்பாட்டட்டே? தமிழ் ஆக்களின்ரை இடம் வெறுமையாய்க் கிடக்கட்டும். கையைத் தூக்கினவள் நான்தானே, நான் பேச்சு வாங்கிறன்.”

அத்தான் நடுவில் வந்தார். “இஞ்சை பாரும், நீர் படிச்ச பிள்ளை. உதுகளையெல்லாம் நம்புறீரோ?”

நம்புகிறேனா என்று எனக்கே தெரியவில்லை. நடுகல்லைப் பற்றி வகுப்பில் எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன். இறந்தவனுக்குக் கல் நட்டு, பெயர் எழுதி, கள் படைத்து வழிபட்டார்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். கோஜோ செய்ததும் அதேதான், கல்லுக்குப் பதில் இரும்பு. அந்தப் பிள்ளைகளில் ஒருத்தியாவது எழும்பி, உயிரோடு இருக்கிறவனுக்குத் தவறுதலாக நட்டுவிட்டால் என்ன செய்வார்கள் டீச்சர் என்று கேட்டதில்லை. கேட்டிருந்தால் புத்தகத்தைப் புரட்டியிருப்பேன், அதிலும் இருந்திருக்காது. ஆரணியின் மூக்கு லேசாக ஒழுகியது. கடல் தண்ணீரால்தான் என்று அக்கா சொன்னாள். நான் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கணவர் தொலைபேசியில் வந்தபோது சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். பயந்தாங்கொள்ளி என்று நினைப்பாரோ என்று ஒரு பக்கம். நினைக்காமல், அவரும் பயந்துவிட்டால் என்ன செய்வது என்று மறுபக்கம்.

அக்காவின் வைத்தியம் மலை. நகரத்தின் காவல் தெய்வமான பெண் புனிதர் ஒருவருக்கு ஒரு மலையில் குகைக் கோயில் இருக்கிறது. பலெர்மோத் தமிழர்கள், சைவக்காரரும்தான், அங்கே நேர்த்திக்கடன் வைத்து ஏறுவார்கள். “ஒரு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வருவம்,” என்றாள்.

மலைக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதாக நினைத்தோம். கதைத்துக்கொண்டே வந்ததில் எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறியிருக்கிறோம். ஒரேத்தோ என்ற இடத்தில், ஒரே மாதிரியான மாடிவீடுகளுக்கு நடுவில், சாரதி எங்களை இறக்கிவிட்டார். இந்த ஊரில் இத்தனை வருடம் இருந்தும் இப்படி நடக்கிறதே என்று அக்கா தன்னையே திட்டிக்கொண்டாள். அடுத்த பஸ் எப்போது என்று ஒரு கோப்பிக் கடையில் கேட்டோம். கடைக்காரர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, வானத்தைப் பார்த்தார். “வரும்போது வருமாம்,” என்றாள் அக்கா. ஆரணிக்குப் பாதாம் பால் ஐஸ் ஒன்று கொடுத்தார், காசு வாங்கவில்லை. ஒழுகும் மூக்கோடு ஐஸா என்று தடுக்கப் போனேன். அவள் ஏற்கெனவே அரைவாசி முடித்துவிட்டாள்.

மலைக்கு ஏறிப் போனபோது மத்தியானம் தாண்டிவிட்டது. குகைக்குள் குளிர்ந்தது. பாறையிலிருந்து எப்போதும் தண்ணீர் கசிகிறது. அந்தத் தண்ணீரைச் சேர்க்க, கூரை முழுக்கத் தகரப் பீலிகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். வளைந்தும் கூர்ந்தும் இருந்த அவற்றை, தெரியாமல் பார்த்தால், கோஜோவின் வேலை என்று நினைக்கலாம். சுவரில் சின்னச் சின்ன வெள்ளித் தகடுகள். கை, கால், கண், இதயம். துணியில் சுற்றிய குழந்தைகள் பல.

குழந்தைத் தகடு ஒன்றைக் காட்டிக் கேட்டேன். “இதுகளும் செத்த பிள்ளையளுக்கோ?”

“விசரே உனக்கு? சுகப்பட்ட பிள்ளையளுக்கு. நேர்த்தி வைச்சுப் பிழைச்ச உடனை தாய்மார் கொண்டுவந்து தொங்கவிடுறது.”

நான் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உலோகத்தில் செய்த குழந்தைகள் எல்லாம் இந்த ஊரில் தொங்கின. கோஜோவின் ஊரில் இரும்பை நட்டார்கள். எங்கள் ஊரில் பிள்ளையைக் கூரை வளையில் கட்டிய ஏணையில், சேலைத் தொட்டிலில், கிடத்துவோம், அதுவும் தொங்குவதுதான். மெழுகுதிரி கொளுத்தியது அக்கா. கொளுத்தியதை நான் கவனிக்கக்கூட இல்லை.

அடுத்த நாள் மூன்று பேருமாகக் கோஜோவிடம் போனோம். போகும் வழியில் இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்றேன். அக்கா என் முழங்கையை விடவில்லை.

பிள்ளை வண்டி வாசலில் நின்றது, சில்லுக்கு எண்ணெய் போட்டிருந்தது. உள்ளே இரும்பு மண்ணிலிருந்து பிடுங்கப்பட்டு, ஒரு போர்வைக்குக் கீழே படுத்திருந்தது. பக்கத்தில் வெட்டும் மெசின் தயாராக இருந்தது. கோஜோவின் கண்கள் சிவந்திருந்தன. எங்களைக் கண்டதும் எழும்பினார்.

“இண்டைக்குப் பால் வாக்கேல்லையாம்,” என்றாள் அக்கா. “துண்டு துண்டாய் வெட்டிறதெண்டாலும் வெட்டிறாராம். ஆனா பெயர் பிள்ளையின்ரை, பிள்ளை உன்ரை. நீ சொல்லாமல் கை வைக்க மாட்டாராம்.”

என்னிடம் யாரும் இப்படி ஒரு முடிவைத் தந்ததில்லை. போர்வையை விலக்கினேன். சட்டையின் பொத்தான் தெரிந்தது. எங்களைத் தெரியாத ஒரு மனிதர், செத்துப்போனதாக நினைத்த என் பிள்ளைக்கு, தன் காலைச் சாப்பாட்டுப் பாலில் ஒரு பங்கை ஊற்றி வந்திருக்கிறார். முன்தினம் வரை அதன் பயங்கரம் மட்டுமே எனக்குத் தெரிந்தது.

“வெட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அக்கா. கீழ்த்தண்டை மட்டும் எடுத்துப்போட்டு, மேலை இருந்து சங்கிலியிலை தூக்கச் சொல்லுங்கோ. ஏணை மாதிரி. நிலத்திலை முட்டக்கூடாது.”

அக்கா சொன்னாள், கைகளால் ஏணையை ஆட்டியும் காட்டினாள். கோஜோ தட்டைத் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். எனக்கு முன்பே தனக்குத் தோன்றியிருக்க வேண்டும் என்பது போல ஒரு கோபம் அவர் முகத்தில் வந்து போனது. பிறகு மெசினைப் போட்டார். ஆரணி காதைப் பொத்திக்கொண்டு பொறிகளைப் பார்த்துச் சிரித்தாள். தண்டு கழன்று விழுந்தது. உத்தரத்திலிருந்து மூன்று சங்கிலிகளில் தட்டு தொங்கி மெல்ல ஆடியது. நிலத்தில் நின்றபோது கனமாக இருந்தது, இப்போது கனமே இல்லாதது போலத் தெரிந்தது.

ஆனால் அவர் திருப்தியாகவில்லை. அக்காவிடம் நீளமாக ஏதோ சொன்னார்.

“இத்தினை நாளும் கூப்பிட்டாச்சாம். கூப்பிட்டதுக்கு மறுமொழி இல்லாமல் விடக்கூடாதாம்.”

“அப்ப அவையின்ரை ஊரிலை என்ன செய்யிறதாம்?”

அக்கா கேட்டாள். அவர் கைகளை விரித்தார். “முறை ஒண்டும் இல்லையாம். இப்பிடி ஒரு பிழையை ஒருத்தரும் இன்னும் விடேல்லையாம். நாங்களே ஒரு முறை உண்டாக்க வேணுமாம்.”

அவர் உண்டாக்கிய முறை எளிமையானது. தாய் இரும்பின் பக்கத்தில் நின்று, இரும்பில் உள்ளபடியே பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். பெயருக்குரியவள் தன் வாயால் பதில் சொல்ல வேண்டும். உயிருள்ளவள் என்று இரும்புக்குத் தெரிந்துவிடும்.

ஆரணி வாசல் பக்கத்தில் குந்தியிருந்து, நிலத்தில் கிடந்த தகரச் சீவல்களை ஒரு டின்னுக்குள் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். கையை வெட்டிவிடும் என்று ஓடப் போனேன். கோஜோ கையைக் காட்டி என்னை நிற்கச் சொன்னார்.

“ஆரணி, வா,” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவள் நிமிரவில்லை.

“பெலத்துக் கூப்பிடடி,” என்றாள் அக்கா.

“ஆரணி, வா.”

இன்னொரு சீவல் டின்னுக்குள் விழுந்தது. கோஜோ தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா சிலுவை போடுகிறாளா கும்பிடுகிறாளா என்று தெரியாத மாதிரிக் கைகளை வைத்திருந்தாள். இவள் பேசாமலே இருந்துவிட்டால் என்ன செய்வது, இன்றைக்கு வராமல் விட்டிருக்கலாமே என்று யோசித்தேன். தட்டு ஆடுவதை நிறுத்தியிருந்தது.

“ஆரணி, அம்மா கூப்பிடுறன். வா.”

அவள் தலையைத் திருப்பி எங்கள் மூவரையும், தொங்கும் இரும்பையும் பார்த்தாள். விளையாட்டைக் குழப்பியதில் நல்ல எரிச்சல்.

“வரமாட்டன்,” என்றாள்.

முதலில் சிரித்தது நான்தான் என்று நினைக்கிறேன். அக்காவுக்கு மொழிபெயர்க்கச் சில கணங்கள் பிடித்தன, சிரிப்பில் சொல் வரவில்லை. கேட்டதும் கோஜோ சுவரில் சாய்ந்துகொண்டு, தொப்பியால் கண்ணைத் துடைத்தார். இதைவிட நல்ல மறுமொழி தன் ஊர் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது என்றாராம். பிறகு ஒரு சோக்குக் கட்டியை என் கையில் தந்து, அவள் சொன்னதைத் தகட்டில் எழுதச் சொன்னார். கவிதையை இப்படி முடிப்பதா, அது என் வரி இல்லையே என்று ஒரு கணம் தயங்கினேன். அந்தத் தயக்கம் நீடிக்கவில்லை. அவள் சொன்னபடியே எழுதிக் கொடுத்தேன். என் ‘வா’வுக்குப் பக்கத்தில் அவர் அதை ஒட்டினார்.

கண்காட்சி திறந்த அன்று மாதா கோயில் மண்டபத்தில் நல்ல கூட்டம். எங்களுடையதைப் பிள்ளைகள் தள்ளி ஆட்டக்கூடிய உயரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் கவிதையை இத்தாலியத்தில் எழுதிய அட்டை. வாசித்தவர்களின் முகம் முதலில் இறுகும், கடைசி வரியில் இளகிவிடும். தூரத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பதே எனக்குப் போதுமாக இருந்தது. கோஜோ ஒவ்வொருவரிடமும் போய், அந்தக் கடைசி வரி வந்த கதையைக் கைகளால் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் கதையில் அவர் பங்கு கொஞ்சம் கூடியது.

கறுப்பு உடுப்புப் போட்ட ஒரு முதிய பெண், அட்டையை இரண்டாவது தடவையும் வாசித்துவிட்டு, இந்தக் கடைசி வரியை எழுதியது யார் என்று அக்காவிடம் கேட்டாள். அக்கா பலகார மேசையின் கீழே காட்டினாள். ஆரணி அங்கே பொரித்த மஞ்சள் சோற்று உருண்டை ஒன்றோடு இருந்தாள். முகமெல்லாம் மஞ்சள். அந்தப் பெண் கஷ்டப்பட்டுக் குனிந்து, அவள் தலையில் கை வைத்து, ஏதோ சொன்னாள்.

“என்னவாம் அக்கா?”

“வடிவாய்ச் சொல்லிப்போட்டாயாம்,” என்றாள் அக்கா. “ஆர் கூப்பிட்டாலும் போகாதை எண்டு சொல்லுறா.”